சட்டக் கல்லூரியும் கோர்ட் வராண்டாவும்: படிக்கும்போதே தொழில் பழகுவது எப்படி?

 

அலீ (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் யமன் தேசத்துக்கு நீதி வழங்க அனுப்பிய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. தமக்கு வயது குறைவு, தீர்ப்பு வழங்கிப் பழக்கமில்லை என்று அலீ (ரலி) தயங்கினார்கள். அல்லாஹ் உள்ளத்துக்கு வழிகாட்டுவான் என்று நபியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அதோடு விடாமல் ஒரு தொழில் பாடத்தையும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு தரப்பாரும் முன்னால் வந்து உட்கார்ந்தால், முதல் ஆளின் பேச்சைக் கேட்டது போலவே அடுத்த ஆளின் பேச்சையும் கேட்டு முடிக்கும் வரை தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதே அந்தப் பாடம். இளைஞர் ஒருவரை அனுபவம் வரட்டும் என்று வீட்டில் உட்கார வைக்காமல், வேலையைக் கொடுத்து, வேலையின் முறையையும் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த இதழில் சட்டப் படிப்பைப் பற்றி எழுத எடுத்ததற்குக் காரணம் ஒரு பழைய சம்பவம். பெயரும் தெருவும் வேண்டாம். நம் மஹல்லாவில் கணவரை இழந்த ஒரு சகோதரிக்கு, குடியிருக்கும் வீட்டைப் பங்கு கேட்டுக் கணவர் வழி உறவினர் போட்ட பாகப்பிரிவினை வழக்கில் சம்மன் வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு, அதே தெருவில் சட்டம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையிடம் காட்டினார். அந்தப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியது நமது டிரஸ்ட். "இது வெறும் நோட்டீஸ்தான் மாமி, மறுபடியும் அனுப்புவாங்க, அப்ப பாத்துக்கலாம்" என்று அவன் சொல்லிவிட்டான். மறுபடியும் யாரும் அனுப்பவில்லை. குறித்த தேதியில் அவர் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, வக்கீல் கமிஷனரும் சர்வேயரும் வீட்டை அளக்க வந்து நின்றபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது.

அந்தப் பிள்ளை மக்கு அல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் நல்ல மார்க் வாங்கியவன். சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை நீட்டிக்கலாம் என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்லுவான். ஆனால் அதுவரை அவன் ஒரு சம்மனைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. புத்தகத்தில் படித்த சொல்லும் கையில் இருக்கும் தாளும் ஒன்றுதான் என்று அவனுக்குப் படவில்லை.

இதில் எங்கள் பங்கும் உண்டு. அதற்கு முந்தைய இரண்டு விடுமுறைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் போய் வர பஸ் செலவும் இரண்டு வெள்ளைச் சட்டையும் கேட்டு அவன் எங்களிடம் வந்தான். கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான் நிதி, மற்றதற்கு இல்லை என்றோம். லீவில் அத்தாவின் கடையில் உதவியாக இருக்கலாமே என்று புத்திமதியும் சொன்னோம். அவனும் கடையில் உட்கார்ந்தான்.

அந்தச் சகோதரி விஷயத்தில் அல்லாஹ் இரக்கம் காட்டினான். சட்டப் பணிகள் குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைத்து, தாமதத்தைப் பொறுத்தருளும்படி மனுப் போட்டு, எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை கட்டி, வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்தது. கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகி, வீட்டில் அவருடைய பங்கும் பிள்ளைகளுடைய பங்கும் எழுத்தில் உறுதியாயின. ஆனால் நடுவில் போன மாதங்களையும், அவர் தூங்காத இரவுகளையும் யார் திருப்பித் தர முடியும்?

சட்டம் படிப்பவர் நடைமுறை பழக வேண்டும் என்பது நாம் கண்டுபிடித்த விஷயம் அல்ல. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளே அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. மூன்று வருடப் படிப்பில் குறைந்தது 12 வாரம், ஐந்து வருடப் படிப்பில் குறைந்தது 20 வாரம் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். ஒரே கல்வியாண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. எனவே கடைசி வருடத்தில் எல்லாவற்றையும் சேர்த்து முடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு நடக்காது. தொண்டு நிறுவனம், நீதித்துறை, உள்ளாட்சி அமைப்பு, கம்பெனி என்று பல இடங்களில் செய்யலாம். ஆனால் படிப்புக் காலத்தில் ஒரு தடவையாவது, விசாரணை நீதிமன்றத்திலும் மேல் நீதிமன்றத்திலும் தொழில் செய்யும் வக்கீல்களிடம் இருந்தே ஆக வேண்டும்.

அதே விதிகளில் நான்கு செய்முறைப் பாடங்கள் உண்டு. வழக்குரையும் பத்திரமும் எழுதுவது ஒன்று, தொழில் ஒழுக்கம் ஒன்று, சமரச முறைகள் ஒன்று, மாதிரி நீதிமன்றமும் இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்தது ஒன்று. கடைசியாகச் சொன்ன பாடத்தின் 100 மார்க் எப்படிப் பிரிகிறது என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மாதிரி வழக்காடல்களுக்கு 30. ஒரு சிவில் வழக்கு, ஒரு கிரிமினல் வழக்கு என்று இரண்டு விசாரணைகளை நேரில் கவனித்துக் குறிப்பெழுதுவதற்கு 30. வக்கீல் அலுவலகத்தில் கட்சிக்காரரிடம் விவரம் கேட்பதை இரண்டு முறை பார்த்து டைரியில் பதிவதற்கும், மனு தயாராகித் தாக்கலாவதைக் கவனிப்பதற்கும் சேர்த்து 30. வாய்மொழித் தேர்வுக்கு 10. இதில் பாதிக்கு மேல் கல்லூரிக்கு வெளியே சம்பாதிக்க வேண்டிய மார்க். மகன் லீவில் கோர்ட்டுக்குப் போகிறேன் என்றால் ஊர் சுற்றப் போகிறான் என்று நினைக்க வேண்டாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கலெக்டர் அலுவலகம் விருதுநகரில் இருந்தாலும், விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். மகளிர் வழக்குகளுக்கான விரைவு நீதிமன்றமும் அங்கே உண்டு. இராஜபாளையத்திலேயே முன்சீப் கோர்ட்டும் மாஜிஸ்திரேட் கோர்ட்டும் இருக்கின்றன. உயர் நீதிமன்றம் என்றால் முன்பெல்லாம் சென்னைக்கு ரயிலேற வேண்டும். 2004 ஜூலை 24-இல் மதுரைக் கிளை திறந்த பிறகு அதுவும் காலையில் பஸ் ஏறிப் போய் மாலையில் திரும்புகிற தூரம்தான். முன்சீப் கோர்ட்டில் தொடங்கி உயர் நீதிமன்றம் வரை ஒரு வழக்கு ஏறும் படிகள் அத்தனையையும் வீட்டில் சாப்பிட்டு வீட்டில் தூங்கியபடியே பார்க்கக்கூடிய ஊர் நம்முடையது. டெல்லியிலோ மும்பையிலோ பெரிய நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால்தான் கௌரவம் என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். கிடைத்தால் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் முதல் இரண்டு வருடத்துக்கு முன்சீப் கோர்ட்டை மிஞ்சிய பள்ளிக்கூடம் கிடையாது என்பது எங்கள் அபிப்பிராயம்.

லீவு எப்போது என்பதையும் கணக்கில் வையுங்கள். கல்லூரிகள் கோடையில் விடும்போது சிவில் கோர்ட்டுகளுக்கும் மே மாதம் கோடை விடுமுறை. மே முதல் வாரம் ஆசையோடு போன பிள்ளை பூட்டிய அறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த கதை உண்டு. மாஜிஸ்திரேட் கோர்ட் மே மாதமும் நடக்கும். ரிமாண்ட், ஜாமீன் எல்லாம் அங்கே பார்க்கலாம். வக்கீல்களுக்கும் மே மாதத்தில் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும். பழைய கட்டுகளை எடுத்துப் பிராது எப்படி எழுதியிருக்கிறது, பதில் எப்படி எழுதியிருக்கிறது என்று உட்கார்ந்து சொல்லித்தர அதுவே நல்ல காலம். சிவில் விசாரணை பார்க்க வேண்டுமானால் இரண்டு செமஸ்டருக்கு நடுவில் வரும் விடுமுறையைப் பயன்படுத்துங்கள்.

போய் என்ன செய்வது? வாதாடுவது அல்ல. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு பெற்ற வக்கீல்தான் கோர்ட்டில் தொழில் செய்ய முடியும். மீறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மேல் வகுப்பு மாணவர், மூத்த வக்கீலின் மேற்பார்வையில் ஏழைகளுக்காகக் கோர்ட்டில் பேசலாம். நம் நாட்டில் அந்த ஏற்பாடு இல்லை. கவுனும் கழுத்துப் பட்டையும் மாணவருக்கு உரியவை அல்ல. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, டை போதும். எல்லாம் கிடைக்காதவர்களுக்கு வெள்ளை பேண்டும் முழுக்கைச் சட்டையும் மூடிய ஷூவும் போதும் என்று விதியே சொல்கிறது. பெண் பிள்ளைகள் கறுப்பு வெள்ளையில் முழுக்கை சல்வார் அணியலாம்.

முதல் வாரம் பெஞ்சில் உட்கார்ந்து காது கொடுத்தால் போதும். காலையில் வழக்குகளை வரிசையாகக் கூப்பிடும்போது எது வாய்தா, எது விசாரணை, எது உத்தரவுக்கு என்று பிரித்தறியப் பழக வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, போன தடவை என்ன நடந்தது என்பது போனிலேயே தெரியும். இதை ஒரு நாளில் கற்றுக்கொள்ளும் மாணவர், தன் தெருவில் பத்துக் குடும்பங்களுக்கு அன்றைக்கே உபகாரமாகிவிடுவார். அந்தச் சகோதரிக்கு இதை யாராவது பார்த்துச் சொல்லியிருந்தால் போதுமே!

அடுத்து, வக்கீல் குமாஸ்தாவிடம் போய் நில்லுங்கள். இதைச் சொன்னால் சில பிள்ளைகளுக்கு முகம் சுருங்குகிறது. பட்டம் படிக்கிறவர் குமாஸ்தாவிடமா கற்பது என்கிறார்கள். கோர்ட் கட்டணம் எவ்வளவு, வக்காலத்தில் எங்கே கையெழுத்து, எந்த ஆவணத்துக்கு எந்தப் பட்டியல், தாக்கலான மனு ஏன் திரும்பி வந்தது, சான்றிட்ட நகலுக்கு எப்படி மனுப் போடுவது என்பதெல்லாம் குமாஸ்தாவுக்குத் தெரிந்த அளவு பல ஜூனியர்களுக்கே தெரியாது. சலாம் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு மனு திரும்பி வந்தால் அந்தக் குறிப்பை அப்படியே டைரியில் எழுதி வையுங்கள். கல்லூரியில் ஒரு செமஸ்டர் கற்பது சில சமயம் அந்த இரண்டு வரியில் இருக்கும்.

பிறகு எழுதிப் பழக வேண்டும். குர்ஆனின் மிக நீளமான வசனம் சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம் என்பதும், அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிந்து சாட்சி வைப்பதைப் பற்றியது என்பதும் நாம் அறிந்ததே. அந்த வசனத்தை ஓதுகிற நம் வீடுகளில்தான் வாய்ச்சொல்லாகக் கொடுத்த ஹிபாவுக்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட இருப்பதில்லை. முஸ்லிம்களின் வாய்மொழி ஹிபா சட்டப்படி செல்லும். கொடுப்பதாகச் சொல்வது, வாங்குபவர் ஏற்பது, அனுபோகத்தை ஒப்படைப்பது ஆகிய மூன்றும் இருந்தால் பதிவு செய்யவில்லை என்ற காரணத்தால் மட்டும் அது செல்லாததாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஹஃபீஸா பீபி வழக்கில் சொன்னது. ஆனால் கொடுத்தவர் மவுத்தான பிறகு அந்த மூன்றையும் எதை வைத்து நிரூபிப்பது? இந்தக் கேள்வியோடு நம் ஊரிலேயே எத்தனை குடும்பங்கள் வாய்தாவுக்கு அலைகின்றன! ஒரு மாணவர் தன் சொந்த வீட்டுப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, நன்னாவின் பெயரிலேயே இன்னும் ஓடுகிற வீட்டு வரி ரசீது ஆகியவற்றை எடுத்து வரிசைப்படுத்தி, தாய்ப்பத்திரத்திலிருந்து இன்று வரை சொத்து எப்படிக் கை மாறியது என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். அதற்கு எந்த வக்கீலின் அனுமதியும் வேண்டாம்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை அல்லாதவர்களுக்கு முதல் கதவு எது என்று கேட்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்து அது சட்டப் பணிகள் ஆணைக்குழுதான். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9. அதனால்தான் அந்த நாளைச் சட்டப் பணிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்வதில் சட்ட மாணவர்களையும் சேர்க்க வேண்டும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு 1973-லேயே சொல்லியிருந்தது. 2009-இல் தொடங்கிய சட்டத் தன்னார்வலர் திட்டத்தில், வக்கீலாகப் பதிவு செய்யும் வரை சட்ட மாணவர்களும் சேரலாம். தேர்வானால் பயிற்சி கொடுத்து அடையாள அட்டையும் தருவார்கள். பணி ஒதுக்கும் நாட்களுக்குச் சிறு மதிப்பூதியமும் உண்டு.

அங்கே உட்கார்ந்தால் தெரியும், ஜனங்கள் என்ன கஷ்டத்தோடு வருகிறார்கள் என்று. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், தொழிலாளர்களுக்கும், காவலில் இருப்போருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலேயே இலவச வக்கீல் உண்டு. பஞ்சாலையிலும் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறியிலும் வேலை பார்க்கும் நம் சகோதரிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 15100 என்ற இலவசத் தொலைபேசி எண் இருப்பது தெரியுமா? தலாக் ஆன பெண்ணும் பொதுவான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 10-இல் தீர்ப்பளித்ததும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்த வழக்குக்கு அப்பீல் இல்லை, கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதும் அப்படித்தான். இதையெல்லாம் ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் நின்று சொல்ல ஒரு மாணவரால் முடியும். சொல்லிப் பழகுவதும் தொழில் பழகுவதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம்முடையது சின்ன ஊர். வக்கீல் அலுவலகத்தில் உட்காரும் மாணவரின் கைக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் விவாகரத்துக் கட்டும், மாமாவின் செக் மோசடி வழக்கும் வரும். அங்கே கேட்டது அங்கேயே கிடக்க வேண்டும். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தைக் காக்கும் கடமை அவருடைய குமாஸ்தாவுக்கும் ஊழியருக்கும் உண்டு என்று 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அது அமானிதம், வெளியே பேசினால் புறம். ஒரு மாணவர் டீக்கடையில் ஒரு வார்த்தை விட்டால் அடுத்த பத்து வருடத்துக்கு நம் பிள்ளைகள் யாரையும் எந்த வக்கீலும் சேர்த்துக்கொள்ள மாட்டார். டைரியில்கூடப் பெயர்களை எழுதாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை பெற்றோருக்கு. தெரிந்த வக்கீலிடம் சொல்லி, போகாமலேயே நான்கு வாரத்துக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தேன் என்று ஒரு அத்தா எங்களிடம் பெருமையாகச் சொன்னார். பொய்ச் சான்று என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய நான்கு வாரத்தைத் தாமே பறித்துக்கொண்டோம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டக் கல்லூரிக்கு அனுப்பிய வீட்டார்கூடக் கோர்ட்டுக்கு அனுப்பத் தயங்குகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் போக வேண்டுமா என்பது தாய்மார்களின் கவலை. இதைச் சிரித்துத் தள்ள மாட்டோம். முதல் இன்டர்ன்ஷிப்பை ஒரு பெண் வக்கீலிடமோ சட்டப் பணிகள் குழு அலுவலகத்திலோ தொடங்கலாம். இரண்டு பிள்ளைகளாகச் சேர்ந்து போகலாம். நம் ஊர் மாமி ஒருவர் தன் கஷ்டத்தை ஆண் வக்கீலிடம் சொல்லத் தயங்கிப் பாதியை விழுங்கிவிட்டு வருகிறாரே, அவர் முழுவதையும் சொல்ல ஒரு பெண் பிள்ளை அங்கே இருக்க வேண்டாமா? நீதிபதி பாத்திமா பீவி அவர்களை நினைத்துப் பாருங்கள். பத்தனம்திட்டாவில் 1927-இல் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து, பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்று, 1950 நவம்பரில் வக்கீலாகப் பதிவு செய்தார். தொழில் தொடங்கியது கொல்லத்தில், கீழ்க் கோர்ட்டில். அங்கிருந்து முன்சீப், மாவட்ட நீதிபதி, உயர் நீதிமன்ற நீதிபதி என்று ஏறி, 1989 அக்டோபர் 6-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பின்னர் நம் மாநிலத்தின் கவர்னராகவும் இருந்தார். கொல்லம் நமக்கு ஒன்றும் தூரம் இல்லை, செங்கோட்டையைத் தாண்டினால் வந்துவிடும்.

படிப்பு முடிந்த பிறகு வருவதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அஞ்சல் வழியில் படித்த சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது, ஏமாற வேண்டாம். அகில இந்திய பார் தேர்வைக் கடைசி செமஸ்டரிலேயே எழுதலாம் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வழி திறந்தது. பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-இல் தீர்ப்பு வந்தது. நீதிபதி தேர்வை நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிவில் நீதிபதி பதவிக்கு மூன்று வருடம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மே 20-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் கட்டாயமாக்கியது. படிக்கும்போது செய்த இன்டர்ன்ஷிப் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் அந்த மூன்று வருடத்தை ஒரு நல்ல சீனியரிடம் கழிக்க இடம் கிடைப்பது, முன்பே அவருடைய அலுவலகத்தில் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

வாதத் திறமையைப் பற்றி உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸை நம் மாணவர்கள் மறக்கக் கூடாது. ஆதாரம் எதுவும் கையில் இல்லாமல் வாரிசுச் சொத்துக்காக இருவர் நபியவர்களிடம் வந்தார்கள். தாமும் மனிதரே, ஒருவர் மற்றவரைவிடச் சாமர்த்தியமாக வாதிட்டால் கேட்டதை வைத்துத் தீர்ப்பளித்துவிடக்கூடும், அப்படிச் சகோதரனின் உரிமையை வாங்கிக்கொள்பவர் நெருப்புத் துண்டையே வாங்குகிறார் என்று நபியவர்கள் சொன்னதும் இருவரும் அழுதுவிட்டார்கள். என் பங்கை அவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று ஆளுக்காள் சொன்னார்கள். தொழிலுக்குப் போகுமுன் இதை ஒரு தடவை கிதாபில் தேடிப் படித்துவிட்டுப் போங்கள்.

முன்பு செய்த தவறுக்கு ஈடாக டிரஸ்ட் நிர்வாகக் குழு இப்போது ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இனி சட்ட மாணவர்களுக்கான உதவியில் கல்விக் கட்டணத்தோடு இன்டர்ன்ஷிப் காலத்துக்கான பஸ் செலவும் மதியச் சாப்பாடும் ஒரு ஜோடி உடையும் சேரும். ஆண் பெண் இரு பாலருக்கும் பொருந்தும். வக்கீல் அறிமுகம் இல்லாதவர்களை, நம்மோடு தொடர்பில் உள்ள வக்கீல்களிடம் அறிமுகப்படுத்தி வைப்போம். அந்த வக்கீல்களில் முஸ்லிம் அல்லாத சகோதரர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மனமுவந்து ஒப்புக்கொண்டார்கள். விண்ணப்பத்தோடு கல்லூரி அடையாள அட்டை நகலும் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். முதல் இரண்டு வாரம் முடிந்ததும் டைரியோடு அலுவலகத்துக்கு வந்தால், அடுத்த இரண்டு வாரத்துக்கான தொகை, இன்ஷா அல்லாஹ், அன்றைக்கே கிடைக்கும்.

முதலில் சொன்ன அந்தப் பிள்ளை இப்போது பதிவு பெற்ற வக்கீல். புதிதாக வரும் மாணவர்களுக்குச் சம்மன், வக்காலத்து, சான்றிட்ட நகல் ஆகியவற்றின் மாதிரிகளைக் கையில் கொடுத்து விளக்கும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மாதத்தின் முதல் ஞாயிறு அஸருக்குப் பிறகு, மதரஸா ஹாலில். பெண்களுக்குத் தனி இடம் உண்டு. வீட்டில் புரியாத கோர்ட் தாள் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.